குளிப்பாட்டிய பிறகே டாக்டர் பார்ப்பார்

எங்கள் ஊர் வளர்ப்புப் பிராணிகள் ஆஸ்பத்திரியை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவ்வளவு சுத்தமான இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். சுவரில் கை வைத்தால், வைத்த இடத்தைத் துடைக்க ஓர் ஆள் ஓடி வருவார். மருந்து வாடை கிடையாது, பிராணி வாடை கிடையாது. சில நாட்களில் பிராணிகளே கிடையாது. அன்றைக்கெல்லாம் ஆஸ்பத்திரி இன்னும் அழகாக இருக்கும்.

நான் சாவி செய்கிறவன். என் கடையை ஒட்டி ஒரு தையல் கடை இருக்கிறது. வக்கீல்கள் போடும் கறுப்புக் கோட்டு மட்டும்தான் அங்கே தைப்பார்கள். தைக்கிறவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் மனைவி எனக்கு அண்ணி. அவர்களுக்கு ஒரே மகள். அவள் கல்யாணமாகி எங்கோ தூரத்துக்குப் போன வருஷம், அண்ணி தெருவில் கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மூத்தவ போயிட்டா, இவ சின்னவ" என்று சொல்லிவிட்டார். அதோடு பெயர் வைக்கும் வேலை முடிந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது எப்போதும் மடங்கியே இருக்கும்.

சாயங்காலமானால் அண்ணி வாசல்படியில் உட்கார்ந்து தன் தலையை வாரிக்கொள்வார். வாரி முடித்த கையோடு அதே சீப்பால் சின்னவளையும் வாரிவிடுவார். "ரெண்டு பேருக்கும் ஒரே சீப்பா அண்ணி?" என்று நான் வம்புக்கு இழுப்பேன். "அவளே ஒண்ணும் சொல்லல, உனக்கென்னடா?" என்பார்.

அண்ணி காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. சீப்பு கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதன் பற்களில் அண்ணியின் நரைமுடி சுற்றியிருந்தது. அண்ணன் அதைத் தொடவில்லை. எடுத்தால் முடி போய்விடுமோ என்று பயம். எனக்கு அது புரிந்தது. சின்னவளுக்கு எப்படிப் புரியும்? அவள் சாயங்காலமானால் வாசல்படிக்குப் போய் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு காத்திருந்தாள்.

வீட்டில் தனியாக விட்டால் அவள் சோற்றைத் தொடவில்லை. அதனால் அண்ணன் அவளைக் கடைக்குக் கூட்டி வந்தார். தையல் மெஷினுக்கு அடியில், வெட்டி மிஞ்சிய கறுப்புத் துணி ஒன்றை விரித்துப் போட்டார். மெஷின் ஓடுகிற சத்தத்தில் அவள் தூங்கினாள். மத்தியானம் அண்ணன் சாப்பிடும்போது தானும் சாப்பிட்டாள். இருவரும் பிழைத்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்தேன்.

பிறகுதான் பொடுகு வந்தது. சின்னவள் உடம்பைச் சிலிர்த்தால் மாவு சலித்தது மாதிரி உதிரும். செம்பட்டை முதுகில் தெரியாததெல்லாம் கறுப்புத் துணியில் பளிச்சென்று தெரிந்தது. மெஷின் காற்றில் பறந்து கோட்டிலும் ஒட்டியது. ஒரு வக்கீல் நேராகக் கோர்ட்டிலிருந்தே கடைக்கு வந்தார்.

"நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எல்லாரும் என் தோளைப் பாக்கறாங்கய்யா. எதிர்க்கட்சி வக்கீல் நல்ல ஷாம்பு பேரு சொல்றான்."

கடை முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. அண்ணியின் சாவுக்குத் தோள் கொடுத்தவர். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "வைத்தியம் பாருங்க. சரியாயிட்டா அவ இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா வீட்டுல விட்டுட்டு வாங்க. கறுப்புத் துணிக் கடை, நான் என்ன பண்ணட்டும்?"

வீட்டில் விட்டால் அவள் சாப்பிடமாட்டாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை என் ஸ்கூட்டரில் நானும் அண்ணனும் சின்னவளும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் பெரிய பலகை: "குளிப்பாட்டிய பிறகே டாக்டர் பார்ப்பார்." அதற்குக் கீழே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் குழாயோடு நின்றிருந்தார். அவரை எல்லோரும் தண்ணிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"ஐயா, இவளுக்குப் பொடுகு. தோல் டாக்டரைப் பாக்கணும்" என்றார் அண்ணன்.

"பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே தண்ணிக்காரர் குழாயைத் திறந்துவிட்டார். ஆள் வேலையில் கெட்டிக்காரர். தரை கழுவுகிற சோப்பு மாதிரி காரமான ஒன்றைத் தேய்த்து, வாலின் நுனி வரை அலசி, துவட்டி, பளபளவென்று ஆக்கித்தான் உள்ளே விட்டார்.

தோல் டாக்டர் சின்ன வயசுக்காரர். சின்னவளின் முடியை ஆவலோடு பிரித்துப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"பொடுகு எங்கே?"

"வாசல்ல குளிப்பாட்டிட்டாங்க சார்."

"அப்ப சரியாயிடுச்சு" என்றார் டாக்டர். அதை அவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

வெளியே வரும்போது எல்லோரும் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். குணமான நோயாளியை வழியனுப்புகிற புன்னகை. வந்து அரைமணி நேரத்தில் குணமான யாரையும் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அண்ணன்கூட நம்பிவிட்டார். "பெரிய ஆஸ்பத்திரின்னா பெரிய ஆஸ்பத்திரிதான்டா தம்பி" என்றார்.

இரண்டு நாள் கழித்து சின்னவள் மெஷினுக்கு அடியில் எழுந்து சிலிர்த்தாள். முன்னைவிட அதிகமாக உதிர்ந்தது. இப்போது சொறிந்துகொள்ளவும் ஆரம்பித்திருந்தாள்.

மறுபடியும் போனோம். மறுபடியும் குழாய், மறுபடியும் சோப்பு, மறுபடியும் "பொடுகு எங்கே?" அதற்கடுத்த தடவை அண்ணன் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தார். சின்னவள் படுக்கிற கறுப்புத் துணியை அப்படியே மடித்து, உள்ளே இருந்த பொடுகு சிந்தாமல் குழந்தையை ஏந்துவது போல் ஏந்திக்கொண்டு வந்தார். டாக்டர் நாயிடம் பார்க்காததைத் துணியில் பார்க்கட்டும் என்று.

தண்ணிக்காரர் துணியை வாங்கிப் பார்த்தார். "ஐயையோ, இவ்வளவு அழுக்கை வெச்சுக்கிட்டா உள்ள போறீங்க?" என்று பதறினார். நாங்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் துணி துவைத்து, காய்ந்து, மடித்துக் கைக்கு வந்துவிட்டது. இஸ்திரி நன்றாகவே போட்டிருந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்றைக்குத் தோல் டாக்டர் எங்களை ஓர் ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் இங்க வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து ஒரு பொடுகு கூடப் பாத்ததில்லைங்க. எல்லாம் புத்தகத்துல பாத்ததுதான். நீங்க ஒண்ணு பண்ணுங்க. என் அறை ஜன்னல் தெருப்பக்கம் இருக்கு. நாளைக்குக் குளிப்பாட்டறதுக்கு முன்னாடி அவளை அங்க தூக்கிக் காட்டுங்க. கண்ணாடி வழியாப் பாத்துக்கறேன்."

நோயாளியைத் திருட்டுத்தனமாகப் பார்க்க ஆசைப்படுகிற டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன். பாவமாக இருந்தது. மறுநாள் அண்ணன் சின்னவளைத் தோளுயரம் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். உள்ளே டாக்டர் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார். சின்னவளும் மூக்கை வைத்தாள். அவள் மூச்சில் கண்ணாடி மங்கியது. மங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் கழுவுகிற ஆள் ஏணியோடு ஓடிவந்தார். கண்ணாடிக்கு அடித்த தண்ணீரில் பாதி சின்னவள் மேல் விழுந்தது. டாக்டர் உள்ளேயிருந்து கையை விரித்தார்.

இனிமேல் பெரிய டாக்டரைப் பார்ப்பது தவிர வழியில்லை என்று ஆயிற்று. பெரிய டாக்டர் என்பவர் ஆஸ்பத்திரிக்கே தலைவர். அவர் அறையில் மேஜை, நாற்காலி, அவர் மூன்றும் மினுமினுத்தன. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். குளிப்பாட்டாமல் ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்று கேட்டார்.

பெரிய டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாகவே விளக்கினார்.

"நான் வர்றதுக்கு முன்னாடி இங்க நாய் வந்தா நாய் மாதிரியே உள்ள வரும். பூனை வந்தா பூனை மாதிரியே வரும். உண்ணியோட வரும், சொறியோட வரும். எல்லாத்தையும் மாத்தினேன். வாசல்லயே குழாயைப் போட்டேன். இப்ப தோல் பிரிவுல போய்ப் பாருங்க. ஒரு பொடுகு கிடையாது, ஒரு உண்ணி கிடையாது. மருந்தே செலவழிக்காம இத்தனை நோயை ஒழிச்ச ஆஸ்பத்திரி வேற எங்கயாவது இருக்கா?"

"இல்லைங்க சார்" என்றார் அண்ணன். அது உண்மைதானே.

"எங்களை நம்பி வர்றவங்க நோயோடவே உள்ள வந்துட்டா, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு என்ன மரியாதை?"

"தோல் டாக்டராவது ஒரு நிமிஷம் வாசலுக்கு வந்து பாக்கக் கூடாதா சார்?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"வரலாமே. ஆனா வாசலைத் தாண்டினவர் திரும்ப உள்ள வரணும்னா அவரும் குளிக்கணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். எலும்பு டாக்டர் ஒருநாள் டீ குடிக்க வெளிய போனார். அன்னியோட டீயை விட்டுட்டார்."

சொல்லிக்கொண்டே பெரிய டாக்டர் அண்ணனின் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பார்த்தார். கறுப்புக் கோட்டு தைக்கிறவரா என்று விசாரித்தார். அவர் முகம் மலர்ந்தது. நாட்டிலேயே சுத்தமான ஆஸ்பத்திரி என்று பரிசு கொடுக்கப் போகிறார்களாம். மேடையேற நல்ல கறுப்புக் கோட்டு ஒன்று வேண்டுமாம்.

"நாயை உள்ள சேர்த்துடுங்க. பொடுகு வர்ற வரைக்கும் நாங்களே வெச்சிருந்து பாக்கறோம். வந்ததும் பிடிச்சுடலாம்" என்றார், அளவு கொடுக்கக் கையை விரித்து நின்றபடி.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே குனிந்து பெரிய டாக்டரின் இடுப்பை அளந்தார்.

சின்னவளை விட்டுவிட்டு வரும்போது அவள் கத்தவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே தங்கும் பிராணிகளைக் காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் குளிப்பாட்டுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று பார்வை நேரத்துக்கு முன்னால் இன்னொருமுறை. குளிர்காலம் வேறு. நாங்கள் போகும்போதெல்லாம் சின்னவள் ஈரம் காயாமல் பளபளப்பாக நின்றாள். "பாருங்க, எவ்வளவு அழகா இருக்கா" என்றார்கள். அழகாகத்தான் இருந்தாள். காதுகள் இரண்டும் மடங்கியிருந்தன.

அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்தார்கள். வைத்துப் பார்த்ததில் பொடுகு வரவேயில்லை என்று சொன்னார்கள். உரிமையாளர் வீணாகப் பயப்படுகிறார் என்றும் சொன்னார்கள்.

கடைக்கு வந்து மெஷினுக்கு அடியில் படுத்தாள். தோல் அப்பளம் மாதிரி வறண்டு, அங்கங்கே சிவந்து வெடித்திருந்தது. ஈரம் காய்ந்ததும் பொடுகு தன் வேலையைக் காட்டியது. கூடவே இருமினாள். நெஞ்சுக்குள் எதையோ இழுக்கிற மாதிரி ஒரு இருமல்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து தோல் டாக்டர் கடையைத் தேடி வந்தார். யாரும் பார்க்கவில்லையே என்று தெருவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். மெஷினுக்கு அடியில் குனிந்தார். கறுப்புத் துணியில் கிடந்ததை விரல் நுனியால் தொட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுதாங்க பொடுகு" என்றார். எங்களுக்கே அதை அறிமுகப்படுத்துகிற மாதிரி இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது மனுஷனுக்கு. "புத்தகத்துல போட்டிருக்கற மாதிரியே இருக்கு. இதுக்கு மருந்துகூட வேணாம். தோல் வறண்டிருக்கு, அவ்வளவுதான். குளிப்பாட்டறதை நிறுத்துங்க. தினமும் சீப்பால மெதுவா வாரி விடுங்க. தோல்ல இருக்கற எண்ணெய் தானா முடிக்கு ஏறும். சாப்பாட்டுல கொஞ்சம் மீன் எண்ணெய் கலந்து குடுங்க."

"வாரினா போதுமா?" என்றார் அண்ணன்.

"தினமும் யாராவது வாரி விட்டிருந்தா இது வந்தே இருக்காதுங்க."

அண்ணன் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். மறுபடியும் வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்போது சின்னவள் இருமினாள். டாக்டர் அவள் விலாவில் காதை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். எழுந்தபோது அவரிடம் அந்தச் சந்தோஷம் இல்லை.

"இருமலுக்கு என்ன டாக்டர் குடுக்கறது?"

"அது என் பிரிவு இல்லைங்க. நெஞ்சுப் பிரிவு. சளி நல்லா இறங்கியிருக்கு. நாளைக்குக் காலையில முதல் ஆளா கூட்டிட்டு வந்துடுங்க, நெஞ்சு டாக்டர்கிட்ட நானே சொல்றேன். வாசல்ல மட்டும்..."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது தன் சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் மாத்திரைகளை எடுத்து மெஷின் மேல் வைத்தார்.

அந்த இருமலோடு அவளை மறுபடியும் குழாயடியில் நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. மாத்திரை கொடுத்தோம். கஞ்சியில் கலந்து கொடுத்தோம், கரண்டியில் ஊட்டினோம். வீட்டிலிருந்து அண்ணன் சீப்பைக் கொண்டு வந்தார். நரைமுடி அதில் இன்னும் சுற்றியிருந்தது. பெரிய டாக்டரின் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, அதன் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பார். கொஞ்ச நேரம் கழித்து கோட்டை மடியிலேயே ஒதுக்கிவிட்டு, குனிந்து சின்னவளை வாருவார். அவருக்கு வாரத் தெரியவில்லை. தையல் போடுகிற மாதிரி சின்னச் சின்னதாக வாரினார். அண்ணியின் முடியும் சின்னவளின் முடியும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டு வந்தன. பொடுகு அவர் மடியெல்லாம் உதிர்ந்தது. முதலாளி பார்த்தார். கல்லாப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

வாரும்போது மட்டும் சின்னவள் இருமவில்லை. முதுகைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், அண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது அவள் தலையைத் தூக்கவில்லை. "சின்னவளே" என்று கூப்பிட்டார். நான் என் கடையில் அரத்தால் சாவி ராவுகிறதை நிறுத்தினேன். அவர் டப்பாவை மூடி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் அழவில்லை.

ஆஸ்பத்திரியில் பிராணிகளை அடக்கம் செய்ய நல்ல இடம் இருக்கிறது. நாங்கள் அங்கே போகவில்லை. வாசலில் என்ன செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அண்ணன் வீட்டுக் கொல்லையில், அண்ணி துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே புதைத்தோம்.

அந்த வாரமே பெரிய டாக்டர் கோட்டு போட்டுப் பார்க்க வந்தார். கையை நுழைத்து, கண்ணாடி முன்னால் நின்று, பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். அளவு பிசகாமல் இருந்தது. அண்ணன் எந்த நிலையிலும் அளவு தப்பமாட்டார். பிறகு பெரிய டாக்டரின் கண் கோட்டின் இடது கையில் நின்றது.

"என்ன இது, வெள்ளையா?"

"பொடுகு சார்" என்றார் அண்ணன்.

"யாரோடது?"

"எங்க சின்னவளோடது."

பெரிய டாக்டர் கையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். அவர் படித்த படிப்பு அவரை விடவில்லை. முகமே மாறிவிட்டது.

"பொடுகேதான். நல்லா முத்தின கேஸ். தோல் ரொம்ப வறண்டு போனாத்தான் இப்படிச் செதில் செதிலா வரும். அடிக்கடி குளிப்பாட்டியிருக்கீங்க. அதுவும் காரமான சோப்பு போட்டு. யாருங்க இப்படிக் குளிப்பாட்டச் சொன்னது?"

பெரிய டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"வாயில்லாத ஜீவனை இப்படியெல்லாம் படுத்தக் கூடாது. போகட்டும், இப்பத்தான் நோய் என்னன்னு தெரிஞ்சுபோச்சே. நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

"அவ போயிட்டா சார்."

"ஓ" என்றார் பெரிய டாக்டர். கொஞ்சம் வருத்தப்பட்டார், அது நிஜம்தான். பிறகு கையை நீட்டினார். "சரி, இதைத் தட்டி விட்டுடுங்க. நாளை மறுநாள் மேடையில போடணும்."

கடையில் கோட்டு தட்டுகிற பிரஷ் ஆணியில் தொங்கியது. அண்ணன் அதை எடுக்கவில்லை. மெஷினுக்கு அடியில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்துத் தன் இடது உள்ளங்கையில் விரித்தார். பெரிய டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு துகளாக விரல் நுனியில் ஒற்றி எடுத்து அதில் போட்டார். நேரமாகிறது என்று பெரிய டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அண்ணன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கடைசித் துகளையும் எடுத்த பிறகுதான் கையை விட்டார். துணியை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பரிசளிப்பை எங்கள் கடைகளுக்கு எதிரே இருக்கும் டீக்கடை டிவியில் பார்த்தேன். தன் ஆஸ்பத்திரிக்குள் இன்றுவரை ஒரு பொடுகு கூட நுழைந்ததில்லை என்று பெரிய டாக்டர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். கோட்டைக் கிட்டத்தில் காட்டினார்கள். அதில் ஒரு துகள் கிடையாது.

அண்ணன் பார்க்க வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கடை வாசல்படியில் உட்கார்ந்து மடியில் அந்தத் துணியை வைத்திருந்தார். காற்று அடித்தது. அவர் கையைக் குவித்து அதை மூடிக்கொண்டார்.